மலர் அச்சடிக்க முன்னர் கூட்டக்குறிப்பேட்டைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் வரலாற்றை எழுதுவதில் மிகுந்த ஆர்வம் காட்டுகின்றன. தாய்ச் சங்கத்தின் நூற்றாண்டு மலர், கொழும்புக் கிளையின் வெள்ளிவிழா மலர், ரொறன்ரோ கிளையின் ஒன்றுகூடல் மலர் என்று எப்போதும் ஏதாவதொன்று அச்சகத்தில் இருக்கிறது. வாழ்த்துச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் பக்கம் ஒதுக்கியான பிறகு ‘எமது சங்கத்தின் வரலாறு’ என்ற கட்டுரையை யாரோ ஒருவர் எழுதவேண்டி வருகிறது. அவர் முந்திய மலரைத் திறந்து அதில் உள்ளதை எடுக்கிறார். முந்திய மலரை எழுதியவரும் அதற்கு முந்திய மலரைப் பார்த்தே எழுதியிருப்பார். மூன்று மலர் கடந்ததும் ஓர் அச்சுப்பிழை வரலாறாகிவிடுகிறது. அதைச் சரிபார்க்கக் கூடிய பொருள் சங்கத்தின் கூட்டக்குறிப்பேடு. அது எங்கே என்று கேட்டால் பெரும்பாலான சங்கங்களில் பதில் இல்லை.

மலருக்கு ஒதுக்கும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கை முதலில் மூலப் பதிவேடுகளைத் தேடிக் காப்பாற்றச் செலவிடுங்கள் என்று சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மலரை அடுத்த வருடமும் அச்சடிக்கலாம். 1930களின் குறிப்பேட்டை இன்னொரு மாரி தின்றுவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

தொடக்க ஆண்டு என்ற சின்ன விடயத்தையே எடுங்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது 1823 இல். அது 1855 இல் மூடப்பட்டது. அதன் வழிவந்ததாகக் கொள்ளப்படும் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது 1872 இல். 1823, 1872 இரண்டுமே சரியான ஆண்டுகள்; எந்தக் கேள்விக்கு எது விடை என்பதில்தான் குழப்பம். யாழ். இந்துக் கல்லூரிக்கும் 1887 ஐச் சொல்வோர் உண்டு, 1890 ஐச் சொல்வோர் உண்டு. கல்லூரிக்கே இப்படியென்றால் அதன் பழைய மாணவர் சங்கத்துக்கு மூன்று பிறந்தநாள் இருக்கும்: பழைய மாணவர்கள் முதன்முதல் கூடிய நாள், யாப்பை, அதாவது சங்க விதிகளை, ஏற்றுக்கொண்ட நாள், சங்கத்தைப் பதிவுசெய்த நாள். மூன்றையும் பிரித்துச் சொல்லக் குறிப்பேடு வேண்டும். மலரில் வரும் ‘ஆரம்பிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் மூன்றையும் ஒன்றாக்கிவிடும்.

இந்தப் பதிவேடுகளின் பெறுமதி கல்லூரி மதிலுக்குள் முடிவதுமில்லை. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன அமைப்பைக் கொண்டுநடத்தியவர்கள் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற கல்லூரி ஆசிரியர்களும் கல்லூரிகளை விட்டு அப்போதுதான் வெளியேறிய இளைஞர்களுமே. 1927 நவம்பரில் காந்தி இங்கு வந்ததிலும் 1931 அரசாங்க சபைத் தேர்தலைக் குடாநாடு பகிஷ்கரித்ததிலும் அவர்களின் கை இருந்தது. அந்த ஆண்டுகளில் எந்தக் கல்லூரிச் சங்கத்தில் என்ன பிரேரணை வந்தது, யார் முன்மொழிந்தார், யார் எதிர்த்தார், எத்தனை வாக்கால் தோற்றது என்பதெல்லாம் பத்திரிகைச் செய்தியில் அரைகுறையாகவே இருக்கும். முழுதும் இருக்கக் கூடிய இடம் குறிப்பேடு.

ஏன் தொலைகின்றன? போரை மட்டும் சொல்லித் தப்பமுடியாது. முதற்காரணம் எங்கள் வழக்கம். சங்கத்துக்கு அலுவலகம் இல்லை. செயலாளரின் வீடே அலுவலகம். அவர் பதவி விலகும்போது நடப்பு வருடக் கொப்பியை மட்டும் அடுத்தவரிடம் கொடுப்பார். நிரம்பிய பழைய புத்தகங்கள் அவர் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிடும். அவர் காலமான பின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைத் துப்புரவாக்கும்போது, காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் ஒரு பக்கம், மற்றக் கடதாசியெல்லாம் எரிக்க இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது குவியலில் ஒரு கல்லூரியின் ஐம்பது வருடம் போய்விடும்.

இதற்கு மேல்தான் மற்றவை. உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960, 61 ஆம் ஆண்டுகளில் பல கல்லூரிகளின் முகாமைச் சபைகள் கலைந்தன. கட்டட நிதி, புலமைப்பரிசில் நிதி, விளையாட்டுத்திடல் வாங்கிய கணக்கு என்பவற்றில் ஒரு பகுதி சபையினரிடமும் ஒரு பகுதி திணைக்களத்திடமும் மிச்சம் பாடசாலையிலுமாகச் சிதறியது. 1981 மே 31 இரவு தொடங்கிப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலையை இந்த ஊரைவிட யாரும் கூடுதலாகக் கொடுத்ததில்லை. 1987 ஒக்டோபரில் சண்டை ஊர்மனைகளுக்குள் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தது. உறுதியையும் அடையாள அட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடிய இரவில் சங்கத்தின் குறிப்பேட்டை யார் நினைத்திருப்பார்? அதற்காக எவரையும் குறைசொல்ல முடியாது. அதற்குப் பின்வந்த அமைதியான ஆண்டுகளில் தேடாமல் விட்டதற்குத்தான் நாங்கள் பதில் சொல்லவேண்டும்.

‘மிஷன் கல்லூரிகளின் ஆவணங்கள் வெளிநாட்டில் பத்திரமாக இருக்கின்றனவே’ என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூற்றன் நூலகத்தில் இருக்கின்றன. மத்திய கல்லூரி, ஹாட்லி, வேம்படி ஆகியவற்றை நடத்திய மெதடிஸ்த மிஷனின் ஆவணங்கள் லண்டனில் சோஆஸ் (SOAS) என்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகத்தில். பரியோவான் கல்லூரியைத் தொடங்கிய சேர்ச் மிஷனரி சங்கத்தினுடையவை பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். ஆனால் அவை மிஷனரிமார் தங்கள் தலைமைச் சபைக்கு எழுதியவை. மாணவர் சங்கம், விடுதி மாணவர் மன்றம், பழைய மாணவர் சங்கம் தங்களுக்காக எழுதிவைத்த குறிப்பேடு அங்கே போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சைவப் பாடசாலைகளுக்கு அந்தப் பாதி ஆறுதல்கூட இல்லை. அவற்றுக்குக் கடல் கடந்த தலைமைச் சபை கிடையாது. 1889 இல் தொடங்கிய ‘இந்து சாதனம்’ போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களில் கிடைக்கும் கூட்டச் செய்திகளைத் தவிர, இங்கே தொலைந்தது முற்றாகத் தொலைந்ததுதான்.

யுத்தத்திலும் பதிவேட்டைக் காப்பாற்றலாம் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சகோதரத்துவச் சங்கங்கள் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை, கிளைக்கொரு பட்டயம், உறுப்பினர் பட்டியல், குறிப்பேடு. அவற்றுள் முதலாவதான பை பீற்றா கப்பா 1776 டிசம்பர் 5 இல் வேர்ஜினியாவின் வில்லியம் அன்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. நான்கு வருடத்தில் அமெரிக்கச் சுதந்திர யுத்தம் அந்த ஊரை நெருங்கியது. 1781 ஜனவரியில், மிஞ்சியிருந்த உறுப்பினர் சிலர் கூடி, சங்கத்தின் பத்திரங்களை முத்திரையிட்டுக் கல்லூரியின் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தார்கள். சங்கம் அங்கே எழும்பப் பல பத்தாண்டுகள் எடுத்தன. ஆனால் அந்தக் குறிப்பேடு பிழைத்து, பின்னர் அச்சிலும் வந்தது. அவர்கள் செய்தது பெரிய காரியமல்ல. பதவியில் இருக்கும் ஆளிடம் விடாமல், கல்லூரியில் நிரந்தரமாக இருக்கும் ஒரு பொறுப்பிடம் கொடுத்தார்கள். இன்று இல்லினோய் பல்கலைக்கழகம் போன்றவை மாணவர் வாழ்வு பற்றிய ஆவணங்களுக்கென்றே தனிப்பிரிவு வைத்து, இத்தகைய சங்கங்களின் கடிதம், சஞ்சிகை, படம் எல்லாவற்றையும் சேர்க்கின்றன.

இனிச் செய்முறை. முதலில் பட்டியல் ஒன்று போடுங்கள். மலர்களின் கடைசிப் பக்கங்களிலும் ஆண்டறிக்கைகளிலும் இருந்து இதுவரை இருந்த தலைவர், செயலாளர், தனாதிகாரி பெயர்களையும் அவர்கள் பதவி வகித்த ஆண்டுகளையும் எடுத்தெழுதுங்கள். செயலாளர் வீட்டில் குறிப்பேடு இருக்கலாம். தனாதிகாரி வீட்டில் கணக்குப் புத்தகமும் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளும் இருக்கலாம். கணக்காய்வாளரை மறக்கவேண்டாம். கணக்காய்வுக்கென்று கொடுத்து மீளாத பேரேடுகள் பல. போய்க் கேட்கும்போது ‘சங்கத்துப் புத்தகத்தைத் தாங்கோ’ என்று உரிமையோடு கேட்டால் கதவு மூடும். ‘அம்மா, ஐயா கவனமாய் வைச்சிருந்த புத்தகத்தைப் படமெடுத்துப்போட்டுத் திருப்பித் தாறம்’ என்று கேட்டால் திறக்கும். சொன்னபடி திருப்பியும் கொடுக்கவேண்டும். என்ன வாங்கினோம், எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குத் திருப்புவோம் என்று இரண்டு பிரதியில் எழுதிக் கையெழுத்திட்டு ஒன்றை அவர்களிடம் விடுங்கள். முக்கால்வாசிப் பேர் பிரதியைக் கண்டதும் மூலத்தையும் தாங்களாகவே தந்துவிடுவார்கள்.

வந்த புத்தகத்தை உடனே மற்றவற்றோடு வைக்கக் கூடாது. ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள். மாவுபோலத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மூன்று எதிரிகள். இராமபாணம் தாளின் மேற்பரப்பையும் பசையையும் சுரண்டும். புத்தகவண்டு துளையிட்டு உள்ளே போகும். கறையான் சுவரோரமாக மண்பாதை போட்டு வந்து, மட்டையை விட்டு நடுவைத் தின்னும். கறையான் வந்த புத்தகத்தைக் காற்றோட்டமான வெளியில் தட்டித் துப்புரவாக்கி, அது இருந்த இடத்தையும் பார்க்கவேண்டும். மற்ற இரண்டுக்கும் மருந்து குளிர். பொலித்தீன் பைகள் இரண்டில் காற்றை வெளியேற்றிச் சுற்றி ஒட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் மறை 18 (-18) பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறக்கவே கூடாது. உடனே திறந்தால் எங்கள் காற்றின் ஈரலிப்பு முழுக்கத் தாளில் வியர்வையாகப் படியும். பூச்சி செத்த புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஓலைச்சுவடி, கண்ணாடி நெகட்டிவ் ஆகியவற்றை இப்படிச் செய்யவேண்டாம். நப்தலீன் உருண்டையும் வேண்டாம். பூச்சிக்குச் செய்வதைவிட அங்கே வேலைசெய்யும் மனிதருக்குக் கூடுதலாகக் கெடுதி செய்யும். வேப்பிலையைப் பெட்டிக்கு வெளியே தட்டில் போடுவதில் குற்றமில்லை. தாள்களுக்கு நடுவே வைத்தால் இலையின் கறை இறங்கும்.

வெயில் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிழை அது. ஈரமான புத்தகத்தைக் கண்டதும் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போடுகிறோம். பங்குனி, சித்திரை வெயில் ஒரே நாளில் மையை மங்கச்செய்யும்; மட்டை ஒரு பக்கம் வளையும்; தாள் உடைந்துபோகும் அளவுக்கு உலரும். நிழலில், மின்விசிறி நேரே படாமல், பத்துப் பக்கத்துக்கு ஒருக்கால் அச்சில்லாத உறிஞ்சுதாள் வைத்து, அதை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கொரு தரம் மாற்றுங்கள். தண்ணீர் பட்டு 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகினால் ‘நாளைக்குப் பார்ப்பம்’ என்று விடமுடியாது.

பழைய குறிப்பேடு ஒன்றைத் திறந்து பாருங்கள். கலிக்கோத் துணி கட்டிய தடித்த மட்டை, மூலைகளில் தோல், கோடுபோட்ட நீளத் தாள். கறுப்பாக எழுதிய மை இன்று மண்ணிறமாக இருக்கிறது. அது அன்னபேதியும் மாசிக்காயும் சேர்த்த மை. எழுதியபோது தாளுக்குள் இறங்கி நிலைக்கும். காலம் போக அதிலுள்ள அமிலம் தாளைச் சுடும். சில பக்கங்களில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்திருப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட பக்கத்தில் ஈரத்துணி, பசை, தண்ணீர் எதுவும் படக் கூடாது. ஈரம் பட்டால் அமிலம் அக்கம்பக்கத்துக்கும் பரவும். பக்கங்களுக்கு நடுவே அழைப்பிதழ், தேநீர்ச் செலவுப் பற்றுச்சீட்டு, மன்னிப்புக் கேட்டு வந்த கடிதம் என்று ஏதாவது குண்டூசியில் குத்தியிருக்கும். ஊசி துருவேறி, சுற்றிலும் சதம் அளவில் சிவப்பு வட்டம். அதை இழுத்துப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். தாளுக்கும் ஊசிக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டொன்றைச் செருகி, ஊசியை அதன்மேல் வழுக்கவிட்டுக் கழற்றுங்கள். கழற்றிய கடதாசி எந்தப் பக்கங்களுக்கு இடையில் இருந்ததோ அந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

இந்த இடம் முக்கியம். ஆர்வமிகுதியால் கடிதங்களையெல்லாம் ஒரு கட்டாகவும் பற்றுச்சீட்டுகளை இன்னொரு கட்டாகவும் பிரிப்போர் உண்டு. அந்தத் தேநீர்ச் சீட்டு அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் இருக்கும்வரைதான், வந்தவர்கள் என்று எழுதிய எண்ணிக்கை உண்மையா என்று காட்டும். பிரித்தால் அது வெறும் கடைச்சீட்டு. யார் எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அந்த ஒழுங்கை அப்படியே விடவேண்டும். தேடுவதற்கு வசதி வேண்டுமானால் பட்டியலில் செய்யுங்கள், கடதாசியில் செய்யவேண்டாம்.

செய்யக் கூடாதவற்றுள் முதலாவது லாமினேட் பண்ணுவது. சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் தாளோடு ஒன்றிவிடும்; பின்னர் பிரிக்கவே முடியாது. சங்கத்தின் முதல் யாப்பு என்று பெருமையாக லாமினேட் செய்து மாட்டியதைக் கண்டால் மனம் நோகிறது. இரண்டாவது செலோ ரேப். ஐந்தாறு வருடத்தில் ரேப் கழன்று விழும், அதன் மஞ்சள் பசை மட்டும் எழுத்தின்மேல் தங்கும். கிழிந்த தாளை ஒரு மடித்த வெள்ளைத் தாளுக்குள் வைத்தாலே போதும். மூன்றாவது, பக்க இலக்கத்தையோ சங்க முத்திரையையோ பேனாவால் இடுவது. மென்மையான பென்சில் போதும்.

1950களுக்குப் பின்வந்தவற்றில் வேறு தொல்லை. றோணியோ என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் அடித்த சுற்றறிக்கைகள் மலிவான தாளில் உள்ளவை. மடித்த இடத்திலேயே உடையும். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது குறிப்பேடு வாங்க வழியில்லாமல் அப்பியாசக் கொப்பியிலும் ஒருபக்கம் அச்சடித்த தாளின் பின்பக்கத்திலும் கூட்டக்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பார்வைக்குக் குப்பைபோல இருப்பதால் அவைதான் முதலில் எறியப்படுகின்றன. அந்த ஆண்டுகளுக்கு வேறு சான்று குறைவு என்பதால், என்னைக் கேட்டால், கலிக்கோ மட்டைப் புத்தகத்தைவிட அந்தக் கொப்பிகளே பெறுமதி கூடியவை. வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து 1990களில் வந்த பக்ஸ் (தொலைநகல்) செய்திகள் வெப்பத்தாளில் உள்ளவை. அவை ஏற்கெனவே மங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன் அவற்றைப் படமெடுங்கள்.

வைக்கும் இடம் என்றால் குளிரூட்டிய அறை என்று நினைத்துப் பின்வாங்க வேண்டியதில்லை. பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்தும் அறை, குளிரூட்டாத அறையைவிடக் கேடு. ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வரும். ஒரு சிறிய ஈரப்பதன்மானி வாங்கி வைத்துக் கிழமைக்கொருதரம் எழுதிவந்தால் எந்த மாதம் கவனிக்கவேண்டும் என்பது ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். அலுமாரி வெளிச்சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். கடைசித் தட்டு நிலத்திலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். மேலே தண்ணீர்த்தாங்கியோ குழாயோ இல்லாத அறை பாருங்கள். கறையானைத் தடுக்க இரும்பு அலுமாரி நல்லது, ஆனால் இறுக்கி மூடி மாதக்கணக்கில் திறக்காமல் விட்டால் உள்ளே காற்று தேங்கும்.

அடுத்தது படமெடுத்தல். தட்டை ஸ்கானரில் கட்டிய புத்தகத்தை அமுக்கினால் முதுகு உடையும். கைத்தொலைபேசியை மேலிருந்து நேரே பார்க்கும் தாங்கியில் பூட்டி, புத்தகத்தை இரு பக்கமும் துணிச்சுருள் வைத்து அரைவாசி திறந்து எடுப்பது நல்லது. தனித்தாள்களுக்கு ஸ்கானரைப் பயன்படுத்தலாம். எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படத்துக்கு 600. ஏ4 தாள் ஒன்றை 300 புள்ளியில் முழுநிறத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும்; 200 பக்கத்துக்கு 5 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் கூட. இன்றைய வன்தட்டுக்கு இது ஒன்றுமில்லை. ஆகவே இடம் மிச்சப்படுத்தக் கறுப்பு வெள்ளையில் எடுக்கவேண்டாம். பின்னர் பென்சிலால் சேர்த்த குறிப்பும் வேறு மையில் திருத்திய சொல்லும் அதில் மறைந்துபோகும். முன்மட்டை, வெற்றுப் பக்கம், பின்மட்டை எல்லாவற்றையும் எடுங்கள். வெற்றுப் பக்கத்தை விட்டால், அங்கே ஒன்றும் இருக்கவில்லையா அல்லது எடுக்க மறந்ததா என்று பின்னாளில் ஒருவர் தலையைப் பிய்க்கவேண்டி வரும். ஒருவர் பக்கம் திருப்ப மற்றவர் படமெடுத்தால் 200 பக்கப் புத்தகம் ஒரு முற்பகல் வேலை. முடிந்ததும் பக்கங்களையும் கோப்புகளையும் எண்ணுங்கள். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு தப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: 1938-07-16, அதன் பின் குழுவின் பெயர், பக்க இலக்கம். நாளின் இலக்கத்தை முதலில் எழுதினால் கணினி எல்லா வருடத்தையும் கலந்து அடுக்கும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டு ‘கிடைத்துவிட்டது’ என்று தொலைபேசியில் இருந்ததை அழிப்பவர்கள் பலர். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மங்கிய கையெழுத்து அதில் வாசிக்கவே வராது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூன்று பிரதி இருக்கவேண்டும்: இரண்டு வெவ்வேறு வன்தட்டில், ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வெளியே. கொழும்புக் கிளையோ லண்டன் கிளையோ அந்த மூன்றாவதை வைத்திருக்கட்டும். 2000 ஆம் ஆண்டளவில் இறுவட்டில் எழுதிவைத்தவர்கள் இன்றே அதைப் போட்டுப் பார்க்கவேண்டும். பல இறுவட்டுகள் இப்போது வாசிக்க மறுக்கின்றன.

எழுத்துரு பற்றி ஒரு சொல். 1990களிலும் 2000களிலும் தட்டெழுதிய ஆண்டறிக்கைகளும் உறுப்பினர் பட்டியல்களும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ‘கோப்பு பழுதாகிவிட்டது’ என்று அழித்துவிடுகிறார்கள். அது பழுதில்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் இலக்கங்களோடு வரும் குறிகளையும் கண்ணால் சரிபார்க்கவேண்டும், ஏனென்றால் கருவி அவற்றையும் தமிழாக்கிவிடும். மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

குழுப் படங்களில் ஆளை அடையாளம் காண்பது அவசர வேலை. 1950களில் படித்தவர்கள் இன்று பெரும்பாலும் எண்பதைத் தாண்டியவர்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் முகத்தின்மேல் தெரியும். படத்தைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் இலக்கமிட்டு, அந்தப் பிரதியில் பெயர் எழுதுங்கள். ஒரே படத்தை இரண்டு பேரிடம் தனித்தனியே காட்டவேண்டும். இருவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால் குரல் பெரியவரின் பதில்தான் மிஞ்சும். பெயரோடு ஊரையும் படித்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். முதலெழுத்தும் ‘கந்தையா’வும் மட்டும் இருந்தால் ஒரே வகுப்பில் மூன்று பேர் நிற்பார்கள். ஆங்கிலக் குறிப்பேடுகளில் ஒரே ஆளின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாகப் பிளந்த சங்கங்களின் விடயம் கூச்சமானது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வழக்குக்குப் போன காலத்தில் இரண்டு நிர்வாகக் குழுக்கள், இரண்டு குறிப்பேடுகள் இருந்திருக்கும். வென்ற பக்கத்தின் புத்தகத்தை மட்டும் வைத்திருப்பது வரலாறல்ல. இரண்டையும் சேர்த்து, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு: பிரித்தானியாவில் தொண்டு நிறுவனமாகப் பதிவுசெய்த கிளைகளின் அண்மைக்கால வரவு செலவுத் தொகைகளை அங்குள்ள தொண்டு ஆணைக்குழுவின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். அங்கிருந்து அனுப்பிய பணமும் இங்கே வந்த பணமும் ஒன்றா என்று பார்ப்பது யாரையும் குற்றம் பிடிக்கவல்ல, வரலாற்றில் தொகையைச் சரியாக எழுத.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறக்கவும் கூடாது. புலமைப்பரிசிலும் இடர் உதவியும் பெற்ற பிள்ளைகளின் விண்ணப்பங்களில் குடும்பத்தின் வறுமை எழுதியிருக்கும். அந்தப் பிள்ளை இன்று பேரப்பிள்ளை கண்டவராக ஊரிலேயே இருப்பார். ஒழுக்காற்று விசாரணைக் கடிதங்களும் அப்படியே. அவற்றை அழிக்கவேண்டாம், தனிப் பெட்டியில் வைத்து, இன்ன ஆண்டுவரை திறப்பதில்லை என்று பெட்டியின்மேல் எழுதிப் பொதுச்சபையில் தீர்மானமாக்குங்கள். கூட்டக்குறிப்பு, யாப்பு, ஆண்டறிக்கை, மலர் ஆகியவற்றைத் திறந்துவிடலாம். 2005 இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருடைய இணைய எண்ணிம நூலகத்தில் எங்கள் கல்லூரிகளின் மலர்களும் சஞ்சிகைகளும் ஏற்கெனவே பல உள்ளன. அச்சில் வந்ததை அங்கே சேர்ப்பிக்கும் சங்கங்கள் கையெழுத்தில் உள்ளதையும் சேர்ப்பிக்கலாம்.

மூலப் புத்தகங்களை அதிபரின் அறையில் வைப்பது வழக்கம். அரசாங்கப் பாடசாலையில் அதிபர் மாறுவார், அறையும் மாறும், புதியவருக்கு அந்தப் பெட்டி என்னவென்று தெரியாது. கல்லூரி நூலகத்துக்கு வந்துசேரும் நூல்களைப் பதியும் சேர்வுப் பதிவேட்டில் இலக்கம் ஏற்றி வைத்தால், நூலகர் மாறும்போது கையளிக்கவேண்டிய பொருளாக அது ஆகிவிடும். இந்த ஒரு சிறு மாற்றம் பல ஆயிரம் ரூபாய் அலுமாரியைவிடப் பாதுகாப்பு.

கடைசியாக யாப்பு. பெரும்பாலான சங்க யாப்புகளில் ‘செயலாளர் கூட்டக்குறிப்புகளைப் பேணுவார்’ என்று ஒரு வரி இருக்கும். பேணியதை எவரிடம், எப்போது ஒப்படைப்பார் என்று இருக்காது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இப்படியொரு திருத்தத்தை முன்மொழியலாம்: ‘பதவி நீங்கும் செயலாளரும் தனாதிகாரியும், புதிய நிர்வாகக் குழு தெரிவான 14 நாட்களுக்குள், தம்மிடமுள்ள நடப்பு மற்றும் பழைய பதிவேடுகள் அனைத்தையும் இலக்கமிட்ட பட்டியலுடன் ஒப்படைத்தல் வேண்டும். பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அடுத்து வரும் கூட்டத்தில் அதை வாசித்துக் குறிப்பேட்டில் ஒட்டுதல் வேண்டும். நிரம்பிய குறிப்பேடுகள் ஒரு மாதத்துக்குள் கல்லூரி நூலகத்துக்குச் செல்லல் வேண்டும்.’ யாப்புத் திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டுமென்று உங்கள் யாப்பைப் பார்த்து, அழைப்பிதழ் அச்சாக முன்னரே செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கவேண்டி வரும்.

இங்ஙனம்,
பழைய மாணவர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.